துலுக்காணத்துக்கு ஞாபகம் திரும்பாத கதை

பழவேற்காட்டு டென்ட் கொட்டாயில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழித்தவள் அஞ்சம்மாள். முதல் ஆட்டத்துக்கு மட்டும் வருவாள். கிழித்து முடித்ததும் தட்டியோரமாக நின்றபடியே படம் பார்ப்பாள். அப்படிப் பார்த்ததில் ஞாபகம் தவறிப்போகிற கதை மட்டும் எட்டோ பத்தோ இருக்கும். கதாநாயகன் காரோடு உருளுவான், இல்லாவிட்டால் கதாநாயகி மாடிப்படியில் விழுவாள். கண் விழித்ததும் "நான் யார்?" என்பார்கள். தலையில் வெள்ளைக் கட்டு இருக்கும், நெற்றிப் பொட்டு மட்டும் கலைந்திருக்காது. கடைசி ரீலில் பழைய பாட்டைக் கேட்டோ, இன்னொரு தரம் அடிபட்டோ எல்லாம் திரும்பி வந்துவிடும். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போவார்கள்.

அவள் புருஷன் துலுக்காணத்துக்கு அப்படியெல்லாம் ஆகவில்லை. அவனுக்கு அது தொடங்கியது எழுபத்தோராம் வருஷம்.

ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்திருந்தது. அதற்குப் பாடு என்று பேர். முப்பது வருஷமாகத் தன் பாட்டை ஒரு நாளும் தவறவிடாத, அடுத்தவன் பாட்டில் கை வைக்காத துலுக்காணம், குப்பன் பாட்டில் போய் வலையை இறக்கினான். ஒரு தரம் என்றால் பொறுத்திருப்பார்கள். பத்து நாளில் மூன்று தரம். ஊர் கூடிவிட்டது.

"இன்னாய்யா துலுக்காணம், இந்த வயசுல திருட்டுப் புத்தி?" என்று குப்பன் சத்தம் போட்டான்.

துலுக்காணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "இன்னிக்கு என் பாடுதானே?" என்றான்.

அஞ்சம்மாள் பெண்கள் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறவன் குரல் இல்லை அது. வழி தப்பின குழந்தையின் குரல். ஆனால் அதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆறு மாசம் ஏரியில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஆறு மாசம் முடிந்தபோது ஏரி எந்தப் பக்கம் என்பதே அவனுக்கு மறந்திருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. அடுத்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து சோறு கேட்பான். அஞ்சம்மாளை, செத்துப்போன தன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். சட்டைக்குள் காலை விடுவான். வேட்டியிலேயே எல்லாம் போய்விடும். ஒரே மகள் ஆந்திரா பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள், பொங்கலுக்கு வந்து அழுதுவிட்டுப் போவாள். விடியுமுன்னே எழுந்து வேட்டி அலசி, அவனைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, கருவாட்டைக் காயப்போட்டு நிமிர்ந்தால் அஞ்சம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

துலுக்காணத்தின் தம்பி ஆதிகேசவன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். அண்ணன்தான் அவனைத் தூக்கி வளர்த்தது. அந்த அண்ணன் தன்னை "யாரு நீங்க, இன்னா வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டதை அவனால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, ரெண்டு வருசத்துக்கு மின்ன பொயல்ல பாய்மரம் விழுந்து அண்ணன் மண்டையில அடிபட்டுச்சே, அதான் இது" என்றான் ஒரு நாள். "படத்துல பாக்கல நீ? அதே மாரி இன்னொரு அடி பட்டா சரியாயிடும்."

"படத்துல இன்னா வேணா காட்டுவான். நீ கம்முனு இரு."

அவன் கம்மென்று இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் அஞ்சம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். திரும்பி வரும்போது வீட்டுக்குப் பின்னால் அலறல் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். துலுக்காணம் மண்ணில் உட்கார்ந்திருந்தான். காதோரமாக ரத்தம் வழிந்து தோளை நனைத்திருந்தது. எதிரே ஆதிகேசவன் துடுப்பைப் பிடித்தபடி நின்று, வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தான்.

"மெதுவாத்தான் அண்ணி அடிச்சேன்... மெதுவாத்தான்..."

துலுக்காணம் தன் தலையைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. தம்பி அழுவதையே பார்த்தான். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து, ரத்தக் கையாலேயே அவன் கன்னத்தைத் துடைத்தான்.

"யாரு ஊட்டுப் புள்ளப்பா நீ? இன்னாத்துக்கு அழுவுற? யாருனா அடிச்சாங்களா?"

ஆதிகேசவன் துடுப்பை எறிந்துவிட்டுத் தன் துண்டை அண்ணன் காயத்தில் வைத்து அழுத்தினான்.

பஸ் பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து தையல். தைத்த டாக்டரம்மாவுக்கு வயசு முப்பதுகூட இருக்காது. எப்படி அடிபட்டது என்று கேட்டதும் ஆதிகேசவன் மறைக்காமல் சொல்லிவிட்டான். திட்டுவாள் என்று அஞ்சம்மாள் எதிர்பார்த்தாள். அந்தப் பெண் திட்டவில்லை, கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இது அடியால வந்ததில்லைங்க. சில பேருக்கு வயசாக ஆக மூளை சுருங்கிக்கிட்டே போகும். போனது திரும்பாது. இன்னும் போகும்."

"மருந்து கெடையாதா?" என்றாள் அஞ்சம்மாள்.

"இல்லைம்மா. நல்லாப் பார்த்துக்குங்க. நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் துலுக்காணம் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு நாள் சரியாகிவிடும் என்று இனிமேல் காத்திருக்க வேண்டாம். சுமை குறையவில்லைதான். எதிர்பார்க்கிற வேலை ஒன்று மட்டும் தீர்ந்தது.

அவனை வீட்டில் தனியாக விட முடியாமல் போனதும், வேலையை விட்டுவிடுகிறேன் என்று கொட்டாய் மேனேஜர் ஜலாலுதீனிடம் சொன்னாள்.

"அவரையும் கூட்டிகினு வா அஞ்சம்மா. உன் பக்கத்துல தட்டியோரமா உக்காரட்டும்" என்றார் அவர்.

"பொம்பளைங்க பக்கம் ஆச்சே பாய்?"

"பாவம், அவருக்கு ஆம்பள ஏது பொம்பள ஏது? யாருனா கேட்டா நான் பேசிக்கிறேன்."

ஓரிருவர் முனகினார்கள். ஒரு வாரத்தில் அதுவும் நின்றது. வெள்ளைத் திரையில் வெளிச்சம் ஆடத் தொடங்கினால் துலுக்காணம் அடங்கிவிடுவான். கதை புரிந்ததா என்று யாருக்குத் தெரியும்? குதிரை வந்தால் சிரிப்பான். தண்ணீரைக் காட்டினால் எட்டிப் பார்ப்பான். ஒரே படம் பத்து நாள் ஓடினாலும் பத்து நாளும் அதே இடத்தில் சிரித்தான். அஞ்சம்மாள் படம் பார்ப்பதை விட்டுவிட்டாள். அவன் வேட்டி முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நாள் முழுக்க அவளுக்குக் கிடைத்த ஓய்வு அந்த ரெண்டரை மணி நேரம்தான்.

எழுபத்தி நாலில் மறுபடி ஒரு ஞாபகம் தவறும் படம் வந்தது. கடைசியில் கதாநாயகன் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கத்தினான். கொட்டாயே விசும்பியது. பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டுப் பச்சையம்மா அஞ்சம்மாளின் முழங்கையைத் தொட்டாள்.

"பாத்தியா அஞ்சம்மா, சாமி கண்ண தொறந்துட்டாரு. உனுக்கும் ஒரு நாளு..."

அஞ்சம்மாள் திரையைப் பார்த்தாள். கதாநாயகி பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை நாள் அந்தக் கதாநாயகனை யார் குளிப்பாட்டினார்கள்? யார் துணி அலசினார்கள்? படத்தில் அதற்கு ஒரு சீன்கூட இல்லை. துலுக்காணம் குனிந்து மணலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் விரலை விட்டு வழித்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"படம் முடிஞ்சிடுச்சி பச்சையம்மா. எந்திரி, கூட்டத்துல மாட்டிக்குவே" என்றாள்.

ஆதிகேசவன் அண்ணனை அடித்ததற்கப்புறம் கொட்டாய்ப் பக்கம் போகவில்லை. ஞாயிறு காலையில் வந்து அண்ணனுக்கு முகம் மழித்துவிடுவான். தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவே இல்லை. கத்தி காதோரம் வரும்போதெல்லாம் அவன் கை ஒரு கணம் நின்று நகரும்.

எழுபத்தாறு மார்கழியில் காய்ச்சல் கண்டு நாலு நாளில் துலுக்காணம் போய்விட்டான். கடைசியிலும் யார் பேரையும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டான், கொடுத்தாள், குடித்தான்.

காரியம் முடிந்து எல்லாரும் கலைந்ததும் அஞ்சம்மாள் பாயை விரித்துப் படுத்தாள். மறுநாள் மத்தியானம் பச்சையம்மா வந்து எழுப்பிக் கஞ்சி கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி படுத்தாள். மூன்றாம் நாள் ஜலாலுதீன் வந்து வாசலில் நின்று, வேலைக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

"வரேன் பாய்" என்று உள்ளேயிருந்தே சொன்னாள். "இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு வரேன்."