ஏணியில் ஏறிய ஆர்தரும் தலைவரின் வெட்டுகளும்

சேலைக்கடை ஸ்டுடியோ

டப்பிங் வேலைக்கு வர விரும்பும் இளம் ஆட்கள் இப்போது என்னிடம் நிறையக் கேள்வி கேட்கிறார்கள். எந்த மைக் நல்லது, எந்த சொஃப்ட்வேர் நல்லது என்று. யாரோடு வேலை செய்யக் கூடாது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பிரெஞ்சு டப்பிங் ஸ்டுடியோக்களில் என் வேலை 'டிடெக்ஷன்'. படத்தை மெதுவாக ஓட்டி, நடிகர்களின் வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது, எங்கே மூச்சு எடுக்கிறது என்று அடையாளம் வைப்பது. பிறகு அந்த வாய்க்கு ஏற்ற வசனம் எழுதப்பட்டு, 'ரித்மோ' என்ற நீளப் பட்டியாகத் திரையின் அடியில் ஓடும். குரல் கொடுப்பவர்கள் அதைப் பார்த்துப் பேசுவார்கள். ப, ம போன்ற எழுத்துகள் வரும் இடத்தில் நடிகரின் உதடு மூடியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஓரளவு சமாளிக்கலாம்.

தமிழில் இந்த வேலையோடு வசனமும் எழுதித் தரும்படி என்னை அழைத்தவர் கனகலிங்கத்தார். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் சேலைக்கடை வைத்திருக்கிறார். ஒரு கலாமன்றத்துக்குத் தலைவர். அவரைத் தலைவர் என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார், அண்ணை என்றால் மட்டும் விதிவிலக்கு. மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு 'உலக சினிமா' காட்ட வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உரிமை காலாவதியான ஒரு பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம் இணையத்தில் சும்மா கிடைத்தது. தெரிவு செய்வதற்கு அவருக்கு அந்தக் காரணம் போதுமாக இருந்தது. அது காதல் நகைச்சுவைப் படம் என்பதே அவருக்குப் பாதி பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒலிப்பதிவு கடையின் மேல்மாடி ஸ்டோரில். நாலு பக்கமும் சேலைகள் அடுக்கியிருந்ததால் எதிரொலி துளியும் இல்லை. இவ்வளவு நல்ல அறை பெரிய ஸ்டுடியோக்களில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே கரைச்சல் மெத்ரோ. லா ஷப்பலில் அது பாலத்தின் மேல் போவதால், ஒவ்வொரு ரயிலுக்கும் டேக்கை நிறுத்த வேண்டும்.

படம் என்ன படம்

கதை சுருக்கம் இதுதான். விவாகரத்தான ஒரு கணவனும் மனைவியும், தாங்கள் முன்பு வாழ்ந்த வீடு ஏலத்துக்கு வரும்போது ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் வாங்கப் போகிறார்கள். ஏலக்காரரின் குளறுபடியால் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி வந்துவிடுகிறது. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. வீட்டின் நடுவே வெண்கட்டியால் கோடு கீறிவிட்டு ஆளுக்கொரு பக்கம் குடியிருக்கிறார்கள். அவளுக்கு ஒரு பல் வைத்தியரோடு கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. முன்னாள் கணவன் ஆர்தர் அதைக் குழப்ப முயல்கிறான்.

அந்த இரண்டு பேரின் நடிப்பையும் ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தவள் நான். இன்றைய நகைச்சுவை நடிகர்களுக்கு அதைப் போட்டுக் காட்ட வேண்டும், வெட்கமாவது வரும். ஆர்தராக வருபவர் நல்ல உயரம், நல்ல வடிவு. ஆனால் தன் வடிவைக் காப்பாற்ற அவர் ஒரு கணமும் மெனக்கெடுவதில்லை. ஏணியிலிருந்து விழும்போது முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் தொப்பியைத்தான் பார்க்கிறார். நாயகி கோபம் வந்தால் கத்தமாட்டாள், சாப்பிடத் தொடங்குவாள். வாய் நிறையப் பாண் ரொட்டியை வைத்துக்கொண்டு அவள் சண்டை பிடிக்கும் காட்சிக்கு அடையாளம் வைக்க எனக்கு ஒரு கிழமை போனது. இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஆனால் மற்றவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே பேசுவார்கள். படத்தின் உயிர் அதுதான். எதிராளியின் பேச்சுக்கு இவ்வளவு கவனம் கொடுப்பவர்கள் பிரிந்திருக்க முடியாது என்று நமக்கு முதலிலேயே விளங்கிவிடும்.

ஆர்தருக்குக் குரல் கொடுத்தவர் கனகலிங்கத்தார். வேறு யார்? ஊரில் ராசா கதை நாடகங்களில் நடித்தவராம். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் கைதட்டுக்கு இடம் விட்டார். ஏணியிலிருந்து விழுந்த ஆர்தர், போரில் வீழ்ந்த மன்னன் போலப் பேசினான்.

நாயகிக்குக் குரல் கொடுத்தவள் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருக்கிறாள், விமான நிலையத்தில் ஒரு கஃபே கவுண்டரில் காலை வேலை. வேலை முடிந்து சீருடையோடே ரயிலேறி வருவாள். அவளுக்கு விவாகரத்தாகி இருந்தது. புருஷன் அவளுடைய வாய் தாங்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அவளுடைய மாதா கோயில் சனம் பேசியது. பூசை முடிந்து வெளியே நின்று கதைக்கும்போது இவள் வாய் திறந்தால் போதும், பெண்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்களாம். அதனால் அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். முதல் நாள் மைக்குக்கு முன்னால் நின்று ஒரு பக்க வசனத்தை மூச்சு விடாமல், ஒரு உதடும் பிசகாமல் பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கன காலமாச்சு அக்கா, நான் இப்பிடி வாய் நிறையக் கதைச்சு" என்றாள்.

விழாவுக்குத் தன் கோயில் சனம் முழுவதையும் அழைத்திருப்பதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். தன் குரலை அவர்கள் ஒருதரம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்க வேண்டும், பிறகு என்ன சொன்னாலும் பரவாயில்லை என்றாள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பிரெஞ்சு முறையில் இரண்டு நடிகர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றாகப் பேசுவார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தினேன். படத்தில் உள்ளபடி ஜெசிந்தா அவருடைய வசனத்தின் நடுவில் புகுந்தாள். தலைவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். பெரியவர் ஒருவர் கதைக்கும்போது இடையில் கதைப்பது எந்த ஊர்ப் பழக்கம் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். படம் பிழை என்றார். அதற்குப் பிறகு இருவரையும் வெவ்வேறு நாள்களில் பதிவு செய்தேன். அவளுக்கு எதிரே ஆர்தரின் வசனத்தை நான் வாசித்தேன்.

தலைவரின் திருத்தங்கள்

விவாகரத்து என்ற விஷயம் குடும்பங்கள் பார்க்கும் விழாவில் வரக் கூடாது என்று தலைவர் தீர்மானித்தார். ஆகவே அந்த இருவரும் தூரத்துச் சொந்தக்காரர் ஆனார்கள். அப்படியானால் இருவருக்கும் ஏன் அந்த வீட்டின்மேல் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டேன். அதையும் யோசித்து வைத்திருந்தார். அது பரம்பரை வீடு.

அடுத்தது இன்னும் மோசம். நாயகி அவனை "ஆர்தர், ஆர்தர்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளாம். வயதில் மூத்த ஆம்பிளையை ஒரு பெண்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுவதை ஊர்ச்சனம் ஏற்காதாம். படம் முழுக்க அவள் 'அண்ணை' என்று கூப்பிட வேண்டும் என்றார். என் தொழிலின் சாபத்தைப் பாருங்கள், அது அந்த வாய்க்கு அச்சொட்டாகப் பொருந்தியது. ஆர்தர் என்னும்போதும் உதடு மூடாது, அண்ணை என்னும்போதும் மூடாது. தொழில்நுட்பக் காரணம் சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

நான் வாதாடினேன். "அண்ணை, அண்ணை எண்டு கூப்பிட்டுப்போட்டுக் கடைசியிலை கட்டிப்பிடிக்கிறாள். சனம் என்னெண்டு நினைக்கும்?"

"பாத்தியே பிள்ளை, நீயே என்னை அண்ணை எண்டுதான் கூப்பிடுறாய். இஞ்சை கடைக்கு வாற எல்லாரும் அப்பிடித்தான். அவை எல்லாம் என்ரை தங்கச்சிமாரே?"

"இல்லை. ஆனா நாங்கள் ஒருத்தரும் உங்களைக் கலியாணம் கட்டப் போறதில்லை."

ஜெசிந்தா சேலை அடுக்குக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். தலைவர் சிரிக்கவில்லை. படம் மன்றத்தினுடையது, சொன்னபடி செய் என்றார். அவளும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், இப்படிக் கூப்பிட்டால் தன் சனம் தன்னைத்தான் நோண்டும் என்று. வேறு ஆள் எடுக்கலாம் என்று தலைவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசிய அவ்வளவு 'ஆர்தர்'களையும் நான் வெட்டி எடுத்துவிட்டு 'அண்ணை' ஒட்டினேன்.

மண்டபம்

பாரிஸின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். விளக்கேற்றல், தலைமையுரை, வாழ்த்துரை, அந்த வாழ்த்துரைக்கு நன்றியுரை. எல்லாம் முடிந்து படம் தொடங்கியபோது பாதிச் சனம் பசியில் இருந்தது. ஜெசிந்தாவின் கோயில் பெண்கள் ஒரு முழு வரிசையில் இருந்தார்கள். அவள் நல்ல சேலை உடுத்து ஓரத்தில் இருந்தாள். நான் ஒலி மேசையில் இருந்தேன்.

முதல் இருபது நிமிடத்திலேயே மண்டபம் தனக்கென ஒரு கதையைக் கண்டுபிடித்துவிட்டது. பரம்பரை வீடு. ஒரு ஆணும் பெண்ணும் அதற்காகச் சண்டை. அவள் அவனை அண்ணை என்கிறாள். யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சீதன வீட்டைத் தங்கைக்குக் கொடுக்காமல் தமையன் அடம் பிடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வீடு பெண்பிள்ளைக்குத்தானே, இவன் என்ன மனுசன் என்று முன்வரிசையில் ஒரு அம்மா உரத்துச் சொன்னார். பலர் ஆமோதித்தார்கள். தங்கைக்கு நல்ல பல் வைத்திய மாப்பிள்ளை வந்திருக்க, அதையும் குழப்புகிறானே என்று ஒருவர் பல்லைக் கடித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கதை படத்துக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தியது. கனகலிங்கத்தார் எழுதிய கதையைவிட அது எவ்வளவோ மேல். அவரோ பின்னால் நின்று, சனம் ஒன்றிப்போய்விட்டது என்று பூரித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாடிப்படிக் காட்சி வந்தது. மணப்பெண் உடையோடு நாயகி ஓடி வந்து, "அண்ணை" என்று கூப்பிட்டு, அவன் கழுத்தைக் கட்டி வாயில் முத்தம் கொடுத்தாள்.

நான் பார்த்த மண்டபங்களில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தாய்மார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். கதிரைகள் இழுபட்டன. ஒரு குடும்பம் எழும்பி வாசலுக்குப் போய்விட்டது. தலைவர் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டு ஒலியை நிறுத்தினார். படம் ஒலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்கவேணும். நாங்கள் எழுதிக் குடுத்தது வேறை. குரல் குடுத்த பிள்ளை தன்ரை பாட்டுக்கு வாய்க்கு வந்ததைக் கதைச்சுப்போட்டுது."

ஒரு முழு வரிசை திரும்பி ஜெசிந்தாவைப் பார்த்தது. அவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்தப் பெண்ணைப் பற்றி அவர்கள் எப்போதும் சொல்லிவந்ததைத்தான் தலைவர் மைக்கில் சொல்லியிருந்தார். என் பக்கத்தில் இருந்த இன்னொரு மைக்கைத் திறந்துகொண்டு அந்த மனிதரைக் கிழிக்க எழுந்தேன். அதற்குள் அவள் என் மேசைக்கு வந்து, அந்த மைக்கை என் கையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இவர் அவவின்ரை அண்ணன் இல்லை. கட்டின மனுசன். டிவோர்ஸ் எடுத்தவை. வீடு ரெண்டு பேரும் சேந்து இருந்த வீடு" என்று சனத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு திரைக்குத் திரும்பி, நாயகியின் வாய் திறக்கும் இடத்துக்காகக் காத்து நின்றாள்.

படத்தில் இன்னும் ஒரு சண்டை மிச்சம் இருந்தது, கடைசிச் சண்டை. அதை அவள் நேரடியாகப் பேசினாள். ரித்மோ பட்டி இல்லை, தாள் இல்லை. நான் முதலில் எழுதிய வசனம் அவளுக்கு நினைவிருந்தது, நினைவில்லாத இடத்தில் சொந்தமாகப் போட்டாள். நாயகி பாண் தின்றபோது அவளும் வாய் நிறைந்த மாதிரிப் பேசினாள். ஆர்தருக்குக் குரலே இல்லை. அவன் வாயைத் திறப்பான், கையை ஆட்டுவான், அதற்குள் இவள் புகுந்து பதில் சொல்வாள். அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது அவளுடைய பதிலிலிருந்து எல்லாருக்கும் விளங்கியது. கனகலிங்கத்தாரின் குரல் இல்லாமல் அந்த நடிகர் அன்றைக்கு முதல்தடவையாக எங்கள் மண்டபத்தில் நடித்தார். அவர் ஏன் திறமான நடிகர் என்று சனத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் இவள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார்.

"உங்களை ஏணியிலை ஏறவேண்டாம் எண்டு சொல்லேல்லை ஆர்தர். விழேக்கை என்ரை பக்கம் விழவேண்டாம் எண்டுதான் சொன்னனான்" என்றாள். மண்டபம் சிரித்தது. கண்ணைப் பொத்தியிருந்த கைகள் எடுபட்டன. வாசலுக்குப் போன குடும்பம் அங்கேயே நின்று பார்த்தது.

நாயகி குனிந்து வெண்கட்டிக் கோட்டைக் கைக்குட்டையால் துடைக்கும் இடம் வந்தது. "கீறினதும் நான். அழிக்கிறதும் நான். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம், சும்மா நில்லுங்கோ." அத்தோடு படம் முடிந்தது.

பிறகு

நேரடிக் குரல் ஒரு புதுமுயற்சி, அதைத் தான்தான் ரகசியமாக ஏற்பாடு செய்ததாக நன்றியுரையில் தலைவர் சொன்னார். பொன்னாடையும் போர்த்திக்கொண்டார். அது அவருடைய கடைச் சரக்கு. சனம் கைதட்டியது. அவருக்கு இன்றைக்கும் லா ஷப்பலில் நல்ல பெயர்தான். போன மாதம் அடுத்த ஆண்டு விழாவைப் பற்றிக் கதைக்க என்னைக் கூப்பிட்டார். போகவில்லை.

இளம் பிள்ளைகளே, வாய் பொருந்துவது பெரிய வித்தை இல்லை. அதைப் பழகிவிடலாம். படத்தில் இருக்கும் பெண் என்ன உறவு, என்ன கோபம், எதற்காகத் திரும்பி வருகிறாள் என்பதை மறைத்துவிட்டு உதட்டை மட்டும் பொருத்தச் சொல்லும் பத்ரோனிடம், அதாவது முதலாளியிடம், போகாதீர்கள். போய்விட்டால் சண்டை பிடியுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, உரத்துத் தோற்றுப் போங்கள்.

அன்றைக்கு விழா முடிந்து, சிற்றுண்டிக்குப் பற்றிஸ் வாங்கும் வரிசையில் நானும் ஜெசிந்தாவும் நின்றபோது, அவளுடைய கோயில் பெண்களில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். நல்லாச் செய்தாய் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

"ஆனா பிள்ளை, இப்பிடிக் கதைச்சா ஆர் உன்னோடை குடும்பம் நடத்துவான்?" என்று கேட்டார்.

ஜெசிந்தா கையிலிருந்த பற்றிஸைக் கடித்து, ஆற அமர மென்று விழுங்கினாள்.

"ஒருத்தன் நடத்தினவன் அக்கா. நான்தான் காணும், போதும் எண்டு விட்டுட்டு வந்தனான்" என்றாள்.