கறுப்புக் கரை போட்ட நேர அட்டவணை

இப்போது அதை வரைகலை என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் படித்தபோது அதற்கு வர்த்தகச் சித்திரம் என்று பெயர். புங்குடுதீவில் எங்கள் ஊரான இறுப்பிட்டியில் அந்தப் பெயரும் கிடையாது. "பெட்டை படங் கீறப் படிக்குது" என்பதோடு சரி. கிழமை நாட்களில் பட்டினத்தில் ஓர் உறவினர் வீட்டில் தங்குவேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் பிடித்துப் புங்குடுதீவுக்கு வந்துவிடுவேன்.

தென்னிலங்கையில் கடை வைத்திருந்த அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் என்னைப் படிக்க விட்டிருந்தார். "மூண்டு வருசம். அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை." சித்தியடைந்தால் வேலைக்குப் போகலாம், தவறினால் வீட்டோடு இருந்து கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டும். இன்னொரு வருடம் எழுதிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசி வருடம் தொடங்கியபோது எனக்குத் தலைக்கனம் முற்றியிருந்தது. நூலகத்தில் வெளிநாட்டுச் சஞ்சிகைகளைப் புரட்டிப் புரட்டி, நிறைய வெள்ளை இடமும் தடித்த கரையும் மெல்லிய எழுத்தும்தான் அழகு என்று முடிவு கட்டியிருந்தேன். அதன்பிறகு ஊரில் எதைக் கண்டாலும் எரிச்சல். சந்திக் கடைப் பெயர்ப்பலகையில் ஒரு ரோசாப்பூ கீறியிருந்தது. வியாபாரத்துக்கும் ரோசாப்பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கடைக்காரரிடமே கேட்டேன். அடுத்த மாதம் அவர் அதற்குப் பக்கத்தில் இன்னொரு ரோசாப்பூ கீறுவித்தார்.

இறுதியாண்டுப் பணிக்கு விரிவுரையாளர் ஒரு விதி வைத்தார். மேசையில் வைத்து அழகு பார்க்கிற வேலை வேண்டாம். சனங்கள் பாவிக்கிற ஒன்றைச் செய்து ஒரு கிழமை அதற்குரிய இடத்தில் வைக்கவேண்டும். அது உதவியது என்று உரியவர் கடிதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடிதம் இல்லையென்றால் புள்ளி இல்லை.

நான் நயினாதீவு மோட்டர் வள்ளத்துக்கு நேர அட்டவணை எழுதுவதென்று தீர்மானித்தேன். எங்கள் தீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஓடுகிற அந்த வள்ளத்தின் சொந்தக்காரரும் அவர்தான், அதை ஓட்டுகிற தண்டையலும் அவர்தான். சந்தி தாண்டி வரும் குறுக்கு ஒழுங்கையில் நாலாவது வீடு. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். வள்ளத்தை அப்போது கரையில் இழுத்துவிட்டு அடிப்பலகை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு வள்ளம் நினைத்த நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை தொடக்கம் தன் வள்ளம் புதிய நேரத்துக்கு ஓடும் என்றார் மாமா. நேரங்களை ஒரு துண்டில் குறித்துத் தந்தார். தன் முகத்தையும் அதில் கீறச் சொன்னார். "என்ரை முகத்தைக் கண்டாத்தான் சனம் நம்பும்."

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பக்கத்து வளவில் இருந்த அவருடைய தமையனோடு ஐந்து வருடமாகக் கதைபேச்சு இல்லை. வேலி அடைத்தபோது கதியால் தடிகள் ஒரு முழம் தள்ளி நடப்பட்டுவிட்டன என்பதுதான் பிரச்சினை. யார் பக்கம் தள்ளி என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு.

வகுப்பில் பென்சிலால் கீறிக் காட்டியபோது விரிவுரையாளர் தலையாட்டினார். அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லாததால் காலையிலேயே வீட்டுக்கு வந்து இரண்டு பெரிய காகித மட்டைகளில் கறுப்பு மையால் எழுதி முடித்தேன். மேலே முட்டை வடிவத்துக்குள் மாமாவின் முகம். கீழே நானே கண்டுபிடித்த ஒல்லி எழுத்தில் நேரங்கள். சுற்றிவர இரண்டு விரல் அகலத்தில் கறுப்புக் கரை. பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். என்மேல் எனக்கே காதல் வந்துவிட்டது.

குசினி வாசலில் நின்ற அம்மாவுக்கு மட்டும் முகம் சுளிந்தது. "என்ன பிள்ளை உது, கரையெல்லாம் கறுப்பாக் கிடக்கு?"

"உங்களுக்கு உது விளங்காதம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

இருட்ட முதல் ஒரு மட்டையைக் குறிகட்டுவான் துறையிலும் மற்றதை எங்கள் சந்தி பஸ் நிறுத்தத்திலும் உயரமாக அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசல் படலைக்குப் போன அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தா. "தண்டையலண்ணை மோசம் போயிட்டாராம் பிள்ளை! பஸ்ஸால வந்த சனம் சொல்லுது."

மாமா செத்துப்போனாரா? முந்தின நாள் வெற்றிலை வாயோடு சிரித்த மனிதர். விக்கி விக்கி அழுதேன். அழுகையின் நடுவே, இனி யார் என் கடிதத்தில் கையெழுத்து வைப்பது என்றும் மனம் ஒருதரம் கேட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டது உண்மை.

அம்மா வெள்ளைச் சேலை மாற்றினா. மாமாவின் வீட்டுக்குச் சந்தியைத் தாண்டித்தான் போகவேண்டும். சந்தியில் ஒரு கூட்டம் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன்.

முகம். கறுப்புக் கரை. கீழே நேரம் குறித்த சில வரிகள். மரண அறிவித்தலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் ஒல்லி எழுத்தை அந்தத் தூரத்தில் ஒருவராலும் வாசிக்க ஏலாது. வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. செத்தவீட்டுக்குப் போக எங்கள் சனத்துக்கு முகம் தெரிந்தால் போதும், பாதை தானாகத் தெரியும். பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது மாமாவின் படலையில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் செத்தவீட்டுப் படலையில் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள், விபரமெல்லாம் பிறகுதான். மாமி அரிவாளும் கையுமாகக் குசினியிலிருந்து வந்திருக்கிறா. நாலு பெண்கள் கட்டிப்பிடித்து அழ, யார் செத்தது என்று தெரியாமலே தானும் சேர்ந்து அழுதிருக்கிறா. தன் தாய் வழியில் யாரோ என்று நினைத்தாவாம்.

மாமாவுக்கு அன்று சனி முழுக்கு. கிணற்றடியில் பலகை போட்டுக் கோவணத்தோடு உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பக்கத்து வேலி படபடவென்று முறிந்தது. தமையன் ஒழுங்கையால் சுற்றி வரப் பொறுமையில்லாமல், ஐந்து வருடம் சண்டை பிடித்த அதே கதியால்களைப் பிடுங்கி எறிந்துகொண்டு உள்ளே விழுந்தார்.

"தம்பி! என்னை விட்டுட்டுப் போட்டியேடா!"

"எங்கை அண்ணை போறது? நான் முழுகப்போறன்" என்றார் மாமா.

ஐந்து வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். தமையன் அவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எண்ணெய் உடம்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு உண்மையான செத்தவீட்டில்கூட யாரும் அழாத மாதிரி அழுதார். எண்ணெயெல்லாம் அவருடைய வெள்ளை வேட்டியில் ஊறியது.

ஒளிந்துகொள்ள இடமில்லை. நடுமுற்றத்தில் நின்று "நான்தான் எழுதினனான்" என்று சொல்லிவிட்டேன். ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், வந்த சனமெல்லாம் சிரித்தது. மாமிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அரிவாளை இறுக்கிப் பிடித்தபடியே நின்றா.

சந்தியிலிருந்து யாரோ மட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினார்கள். அவர் அதை நீட்டிப் பிடித்து வடிவாகப் பார்த்தார்.

"மூக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா பிள்ளை, உயிரோட இருக்கிறவன் இதுக்கு என்னண்டு கையெழுத்து வைக்கிறது? வேறை கீறு. அது நல்லா இருந்தால் வைக்கிறன்."

திங்கட்கிழமை வைத்தால்தான் பணியை ஒப்படைக்கும் நாளுக்கு முதல் ஒரு கிழமைக் கணக்கு வரும். எனக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் கீறுவதில் செலவழிக்கப் பயந்து, விடியவே குறிகட்டுவானுக்குப் போய் அங்கிருந்த மட்டையையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்தேன். மூன்று வருடப் படிப்பில், நான் எழுதுவதைப் பார்க்கப்போகிற சனத்தை நான் பார்த்தது அன்றுதான். கோயிலுக்கு வந்தவர்கள், கருவாட்டுப் பெட்டியோடு வந்த அக்கா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தகப்பன். ஒருவராவது முதல் வள்ளம் எப்போது என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "கடைசி வள்ளம் எத்தினை மணிக்கு?" அதைத் தவறவிட்டால் அக்கரையில் படுக்கவேண்டும். என் அட்டவணையில் கடைசி வள்ளம் எங்கே இருந்தது என்று மடியில் கிடந்த மட்டையைப் பார்த்தேன். அடியில், கரையோடு ஒட்டி, எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். கறுப்பு மைப் போத்தலைத் திறக்கவே இல்லை. சிவப்பில் "கடைசி வள்ளம்" என்று தலைப்பு, அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் நேரம். மற்ற நேரங்கள் நீலத்தில், சாதாரண அச்செழுத்தில். மாமாவின் முகம் சின்னதாக ஒரு மூலையில், வெற்றிலைச் சிரிப்போடு. எழுதி முடித்ததும் அம்மா ஒரு சிரட்டையில் மஞ்சள் குழைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தா. நல்ல காரியக் கடிதங்களுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் பூசுவது எங்கள் வழக்கம். ஒரு கிழமைக்கு முன்னர் என்றால் சிரட்டை பறந்திருக்கும்.

"நல்லா பூசுங்கோ அம்மா" என்றேன்.

ஒரு கிழமை கழித்து மாமா கடிதம் எழுதித் தந்தார். ஆனால் கையெழுத்துக்கு ஒரு விலை கேட்டார். பழைய மட்டைகளில் ஒன்று தனக்கு வேண்டுமாம். "அது வீணாப்போகக் கூடாது பிள்ளை. ஒருநாளைக்குத் தேவைப்படும்தானே." மாமி "வாயைக் கழுவுங்கோ" என்று கத்தக் கத்த அதை அலுமாரிக்கு மேலே வைத்தார். கடிதத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இரண்டாவது அட்டவணையால் ஒருவரும் கடைசி வள்ளத்தைத் தவறவிடவில்லை. முதலாவதை எல்லோரும் பார்த்தார்கள். நான் நலமாக இருக்கிறேன்."

விரிவுரையாளர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரி ஏன் எழுதியிருக்கு? முழுக்கச் சொல்லும் பாப்பம்." சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பும் எழும்பி வந்தது. "முதலாவதையும் சேர்த்து ஒப்படையும். அது இல்லாட்டி இரண்டாவது விளங்காது." சித்தியடைந்தேன். அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண அழைப்புக் காட் அடிக்க வருகிறவர்கள் குத்துவிளக்குக் கேட்டால் எப்படிப்பட்ட குத்துவிளக்கு என்று இருத்திவைத்துக் கேட்பேன்.

தமையன் உடைத்துக்கொண்டு வந்த வேலியை மட்டும் யாரும் திரும்ப அடைக்கவில்லை. அதை ஆள் போய்வரும் இடைவெளியாக, பொட்டாகவே விட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டுக் கறிக்கிண்ணங்களும் அந்தப் பொட்டால்தான் போய்வந்தன.

எட்டு வருடங்கள் கழிந்து ஒரு காலை மாமா செத்துப்போனாராம் என்று அச்சகத்துக்குச் செய்தி வந்தது. அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். மாமாவின் ஒழுங்கையில் சனம் நின்றது, ஆனால் ஒருவரும் படலைக்குள் போகவில்லை. படலையில் என் பழைய மட்டை தொங்கியது. நேரங்கள் இருந்த பாதியை மாமி பின்னால் மடித்துக் கட்டியிருந்தா. சனம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "இந்த முறை நாங்கள் ஏமாறமாட்டம்!" என்றார் ஒருவர். தமையன் படலையில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லை, இது உண்மை. உள்ளை வாங்கோ."

நானும் அவரை நம்பவில்லை. படலையால் போகாமல் தமையன் வளவுக்குள் நுழைந்து வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்தேன். அன்றும் சனிக்கிழமை. முழுக்குப் பலகை எண்ணெயும் தண்ணீரும் படாமல் காய்ந்துபோய், ஆளில்லாமல் கிணற்றுக்கட்டில் சாத்தியிருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.