தசரதனின் சிவப்பு வட்டங்கள்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரே பெஞ்சில் பன்னிரண்டு வருடமாக நானும் தசரதனும் மனு எழுதுகிறோம். மனிதர் நல்லவர்தான். ஆனால் பௌர்ணமி, அமாவாசை வந்துவிட்டால் பக்கத்தில் உட்கார முடியாது; உயிரை வாங்கிவிடுவார்.

எல்லாம் அவர் மகள் இனியாவால். ஜப்பானில் சென்டாய் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். பூமி அடிக்கடி ஆடுகிற இடம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கிற நாளில்தான் பூகம்பம் வரும் என்று எவனோ வீடியோவில் சொல்ல, இவர் தினசரி காலண்டரில் அந்த நாட்களுக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். வட்டம் போட்ட நாளில் உலகத்தில் எங்கே ஆடினாலும் என்னிடம் வந்து காட்டுவார். மற்ற நாளில் ஆடியதை நான் சொன்னால் அது மட்டும் காதில் விழாது.

அந்த இழுப்பு கொஞ்சம் உண்டுதான், ஆனால் எந்த நாள், எந்த ஊர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்று இனியா பல தடவை விளக்கியிருக்கிறாள். யார் கேட்டது? வட்டம் போட்ட நாளில் ஏழு தடவை போன். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் பையை எடுத்து வைத்தாயா, செருப்பு கட்டில் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரணை. ஊரே கிரிவலம் கிளம்பும்போது இவர் பெஞ்சைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரு பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருவரின் பட்டா மனுவில் விலாசம் 'சென்டாய், ஜப்பான்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திட்டு வாங்கியது நான். மற்ற நாட்களில் மகளுக்குப் போனே கிடையாது. நிம்மதியாம்.

போன மாதம் வளர்பிறை அஷ்டமி. வட்டம் இல்லை. போனைச் சைலண்டில் போட்டுப் பையில் வைத்துவிட்டு, சாவகாசமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. இனியா. காலையில் அங்கே ஆடியதில் அலமாரி சாய்ந்து தோளில் அடியாம். அப்பா எடுக்கவில்லை என்று எனக்கு அடித்திருக்கிறாள்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னிக்கி அஷ்டமியாச்சேம்மா," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நான் பயந்து நடுங்குன அன்னிக்கிதாம்பா நீங்க நிம்மதியா இருந்தீங்க," என்றாள்.

மறுநாள் காலண்டரைப் பார்த்தேன். மிச்சமிருந்த அத்தனை தாளிலும் வட்டம் போட்டிருந்தார். இப்போது தினமும் பேசுகிறார். பையைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார். அவள் பதில் சொல்லும்வரை கையிலிருக்கும் பேனா ஆடிக்கொண்டே இருக்கிறது.