காலுக்கு மட்டும் பதினாறு டேக்

எங்கள் ஊர்ப்பக்கம் சினிமாக்காரர்கள் வருவது அதிசயம் இல்லை. முன்னால் திராட்சைப் பந்தல், பின்னால் மலை, இரண்டும் ஒன்றாகப் படத்தில் விழும் இடம் ஓடைப்பட்டி என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. அவ்வப்போது வேன்கள் வந்து நிற்கும். நாங்களும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் மட்டும் தோட்டத்தோடு சேர்த்து என் காலையும் கேட்டார்கள்.

எனக்கு வலது கால் சூம்பியது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். தொடையில் கையை ஊன்றி, ஒரு தள்ளு தள்ளி நடப்பேன். பார்க்கிறவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது நடை, அவ்வளவுதான். வேகமான நடையும்கூட. தோட்டத்தில் திராட்சைக் குலையிலிருந்து அழுகல் பழங்களைக் கத்தரித்து எடுப்பது என் வேலை. பந்தலுக்குக் கீழே எல்லோருமே குனிந்து, கோணிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கே என் நடைக்கும் மற்றவர்கள் நடைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. என் காலை அவள் ஒரு குறையாகப் பார்த்ததே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது இந்த இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றின்மேல் கிடத்தித்தான் அவளைக் குளிப்பாட்டினேன். எங்கே போனாலும் எனக்கு முன்னால் ஓடுவாள். பஸ் வந்தால் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் இடம் போட்டுவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கத்துவாள்: "வெரசா வாம்மா." ஊரில் மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தால் 'பையப் போ ஆத்தா' என்பார்கள். அக்கறையாகத்தான் சொல்வார்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இவள் ஒருத்திதான் என்னை விரட்டுவாள். அந்த அதட்டல் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

படத்தில் கதாநாயகனின் தங்கைக்குக் கால் ஊனம். அந்த வேஷத்துக்கு வந்த பெண்ணுக்கு அழுகை நன்றாக வந்தது, நடைதான் வரவில்லை. இரண்டு நாள் என் பின்னாலேயே நடந்து பழகினாள், பாவம், இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் உதவி இயக்குநர் என்னிடம் வந்தார். கால் மட்டும் போதும், முகம் வராது என்றார். முகம் வராது என்பதை ஏதோ எனக்குச் செய்யும் சலுகை மாதிரிச் சொன்னார். நான் மறுத்திருப்பேன். அதற்குள் என் மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தோட்டத்தை ஒட்டிய ஏற்றத்தில் ஒரு மண்பாதை. கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார்கள். என் முழங்காலுக்கு மேலே அதற்கு எதுவும் தெரியாது. நான் வழக்கம்போல விறுவிறுவென்று ஏறி மேட்டில் போய் நின்றேன். இயக்குநர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உதவி இயக்குநர் ஓடிவந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்லா நடக்கறீங்க அக்கா. அதான் பிரச்சினை. இன்னும் மெதுவா வாங்க."

மெதுவாக நடப்பதுதான் எனக்குக் கஷ்டம். சைக்கிளை மெதுவாக ஓட்டினால் ஆடுமே, அந்தக் கதைதான். தள்ளுகிற வேகத்தில்தான் என் உடம்பு நிமிர்ந்து நிற்கிறது. அதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். பிறகு 'ஒன்மோர்' என்றார்கள். இறங்கி வந்து மறுபடி ஏறினேன். கையைத் தொடையில் வைக்காமல் வாங்க என்றார்கள். அடுத்த முறை, வைத்தே வாங்க என்றார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. பதினைந்து தடவை ஏறி இறங்கியதில் நல்ல காலும் நடுங்கத் தொடங்கிவிட்டது. பதினாறாவது முறை கல் தட்டி, பாதம் மடங்கி, கையைத் தரையில் ஊன்றித் தப்பித்தேன். கெடுத்துவிட்டோமே என்று பயந்துபோய்த் திரும்பினேன். இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த அசதியில் ஓகே என்ற ஒரு சொல்லே பெரிதாகத் தெரிந்தது.

படம் வந்ததும் என் மகளைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். பகல் காட்சி. பஸ்ஸில் வழக்கம்போல அவள்தான் இடம் போட்டாள்.

அந்தக் காட்சி இடைவேளைக்கு முன்னால் வந்தது. திரை முழுக்க என் கால். ஏற்கெனவே மெதுவாக நடந்ததை இன்னும் மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். செருப்பு மண்ணில் சர் சர்ரென்று இழுபட்டது. என் செருப்பு ஒருநாளும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. எங்கிருந்தோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அதன்மேல் வயலின். பாதம் மடங்குகிறது. உடனே அந்தப் பெண்ணின் முகம், நிறைந்த கண்ணோடு. என் கால் அவளுக்காக இடறுகிறது, அவள் என் காலுக்காக அழுகிறாள். அதற்கு முன்னால் பதினைந்து தடவை விழாமல் ஏறியது படத்தில் இல்லை. படம் முடியும்வரை அந்தத் தங்கை ஒரு வேலையும் செய்யவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்பாக இருந்தது. பக்கத்தில் திரும்பினேன். என் மகள் துப்பட்டாவை வாயில் வைத்து விம்மிக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற காலைப் பார்த்து அழுகிறாள். 'ஏடி, அது நான்தான்' என்று காதில் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள்.

இப்போதெல்லாம் எந்தப் படத்தில் எங்களைப் போன்றவர்கள் வந்தாலும் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். பெரும்பாலும் தரையில் கிடக்கிறது. இல்லையென்றால் மேலே நின்று குனிந்து பார்க்கிறது. கண்ணுக்கு நேராக வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் இதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அன்றைக்கு எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது சின்னமனூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே இரண்டு மூன்று இடம்தான் காலி. ஓடிப்போய் இடம் போடு என்றேன். அவள் ஓடவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கீழே என் பாதத்தையே பார்த்துக்கொண்டு, நான் ஓரடி வைத்தால் தானும் ஓரடி வைத்தாள். பின்னால் வந்தவர்கள் எங்களைத் தாண்டி ஓடி ஏறினார்கள். "போடீ, இடம் போயிரும்" என்று கையை உதறினேன். அவள் விடவில்லை.

"பைய வாம்மா," என்றாள்.

சின்னமனூர் வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம்.