பனி என்று சொன்னவள்

வானிலை நிலையத்தில் அளவு பார்க்கும் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் சூறாவளி. வேலையை வைத்து வந்த பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது வாயை வைத்து வந்த பெயர், கையையும் சேர்த்து. பேருந்தில் உரசியவன் மூக்கை உடைத்தவள் அவள். அவள் அனுப்பிய கணக்கைச் சந்தேகப்பட்ட மேலதிகாரியை மொட்டை வெயிலில் நிற்கவைத்துக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னாள். கணக்கு சரியாகவே இருந்தது. வம்பே அதுதான். பல வருஷமாக அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் யாரும் அவளிடம் மறுபேச்சுப் பேசுவதில்லை.

பனிக்காலம் முடிந்து கோடை தொடங்குகிற சமயம். காலையில் தாழ்வான இடங்களில் பனிமூட்டம், பகலில் வறண்ட வானிலை என்று தலைமை அலுவலகம் ஒரு வாரமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அப்படியேதான் நடந்தது. காலையில் எதிரே வருகிற ஆள் தெரியாது. வெயில் ஏறினால் மண்டை பிளக்கும். புல்லெல்லாம் காய்ந்து, கால் வைத்தால் நொறுங்கியது. குழாயில் தண்ணீர் வந்து எத்தனையோ நாளாயிற்று.

அன்று விடியலில் தண்ணீர் லாரி வந்தபோது அவளுக்கும் அடுத்த வீட்டுத் தையல்காரிக்கும் கைகலப்பு. வரிசையில் யார் முந்தி என்பதில் ஆரம்பித்தது. தையல்காரி இவள் குடத்தை எட்டி உதைத்தாள். இவள் அதே குடத்தை எடுத்து அவள் நெற்றியில் ஒரு போடு போட்டாள். பிளாஸ்டிக் குடம்தான், ஆனாலும் நெற்றி கிழிந்துவிட்டது. தையல்காரி விட்ட குத்தில் இவள் மூக்கில் ரத்தம் பொலபொலவென்று கொட்டியது. நாலு பேர் சேர்ந்து பிரிப்பதற்குள், திறந்து கிடந்த குழாய் வழியாக லாரித் தண்ணீர் பாதி தெருவில் ஓடிவிட்டது.

அந்தக் கொதிப்போடும், ரத்தம் அடைத்த மூக்கோடும் வேலைக்கு வந்தாள். நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை மரப்பெட்டி. உள்ளே இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் அடியில் துணி சுற்றி, அதன் நுனி ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத்துணி கட்டியது குறைத்துக் காட்டும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு. சுற்றிலும் வெள்ளை மூட்டம். கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தினமும் அவள் செய்கிற முதல் வேலை. அன்று பார்க்கவில்லை. தையல்காரியின் முடியைக் கொத்தாகப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று மனசு கறுவிக்கொண்டிருந்தது.

பனிமூட்டம் என்று அலுவலகத்துக்குச் சொல்லி வைத்த கையோடு தம்பி போன் செய்தான். ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணையில் காவல் வேலை அவனுக்கு. அப்பா அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

"அக்கா, இங்க ஒரே வெள்ளையா இருக்கு. புகை வாசனை மாதிரி அடிக்குது. மாடெல்லாம் கத்துது. அவுத்து விட்டுரட்டுமா?"

"பனிடா அது. இப்பத்தான் அளவு பாத்தேன்."

"இல்லக்கா, தொண்டை கமறுது..."

"எனக்கே சொல்லித் தர்றியா? அவுத்து விட்டு ஒரு மாடு ரோட்டுல அடிபட்டா, மொதலாளி உன் தோலை உரிச்சிருவான். பேசாம படு. வெயில் வந்தா கலைஞ்சிரும்."

"சரிக்கா" என்றான். அவளிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

முகம் கழுவலாம் என்று வெளியே வந்தவளின் கையில் கறுப்பாக ஏதோ வந்து ஒட்டியது. தேய்த்துப் பார்த்தாள். சாம்பல். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து துணியைத் தொட்டாள். காய்ந்து விறைத்துக் கிடந்தது. கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. துணி காய்ந்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை.

ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போனாள். புல்வெளி முழுக்க நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. பண்ணைக் கொட்டகையின் கூரையும் தீப்பிடித்து, எரிகிற வைக்கோல் கட்டிப்போட்டிருந்த மாடுகளின் முதுகில் விழுந்தது. அவை கத்திய கத்தலை மாட்டின் குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தம்பி உள்ளே அரிவாளால் கயிறுகளை வெட்டிக்கொண்டிருந்தான். அவிழ்ந்த மாடு ஒன்று மிரண்டு அவனைச் சுவரோடு சேர்த்து முட்டிவிட்டு ஓடியது. இவள் அவன் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டாள். பின்னாலேயே கூரை இடிந்து விழுந்தது. உள்ளே கத்தல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அதற்குள் முதலாளி இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினான். கையில் இரும்புக் குழாய்.

"தூங்கிட்டியாடா நாயே!"

முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவது முகத்தில். தம்பி வெந்துபோன கைகளைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அவள் நடுவில் பாய்ந்தாள்.

"அவனை அடிக்காதீங்க! அவன் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். மாட்டை அவுக்கட்டுமான்னு எனக்கு போன் பண்ணிக் கேட்டான். பனின்னு சொன்னது நான். படுன்னு சொன்னதும் நான்தான். என்னை அடிங்க!"

முதலாளி குழாயைத் தாழ்த்தினான். "நீயா? உன் கணக்கு தப்பாதுன்னு ஊருக்கே தெரியும். தம்பிக்காக இப்படியா புளுகுவ?"

"சத்தியமா நான்தான். அவனையே கேளுங்க!"

முதலாளி குனிந்தான். "என்னடா? உங்கக்காவா சொன்னா?"

தம்பி அவளைப் பார்த்தான். உடைந்த பல்லைத் துப்பினான்.

"இல்ல மொதலாளி. அவ சும்மா சொல்றா. நான்தான் தூங்கிட்டேன்."

"பொய்டா! உண்மையச் சொல்லுடா!" என்று அவள் அலறினாள். ஒருவன் அவள் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். குழாய் மறுபடியும் இறங்கியது.