உப்புப் போடாத மாம்பழப் பச்சடி

வெகுநாளுக்குப் பிறகு இன்று மாம்பழப் பச்சடிக்குக் கருப்பட்டி காய்ச்சினேன். அந்த வாசனையில், சிக்கல் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டு அடுப்படி கண்முன் வந்து நின்றது. கிணற்றுத் தண்ணீரில் கருப்பட்டி கொதிக்கும்போது, அம்மா கனிந்து நசுங்கிய பழங்களைக் கொட்டையோடு போட்டு, வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, பாகு கரண்டியில் ஒட்டும்வரை கிண்டிக்கொண்டே இருப்பாள். உப்பு மட்டும் போடமாட்டாள். கேட்டால், "அதான் கெணத்துத் தண்ணியிலயே கெடக்கே, தனியா வேற எதுக்குடி?" என்பாள்.

அம்மா போன மறுவருடம் சாலையை அகலமாக்கினார்கள். வீட்டை இடித்து, கிணற்றையும் மண் கொட்டி மூடினார்கள். இரண்டுக்கும் நான் அழவில்லை.

மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புப் போட மறந்துட்டியாம்மா?" என்றாள்.

கேன் தண்ணீரில்தான் செய்திருந்தேன். உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, என் தட்டில் இருந்ததை அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.