காய்க்காத மரங்கள்தானே என்றேன்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருஷம், மாசி மாதம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு கொம்யூன் அலுவலகத்தில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், எழுத்தர் வேலை. ஊரில் அதை மேரி என்றுதான் சொல்வார்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை தேறியவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் புரியாது.

வரிச்சிக்குடியிலிருந்து கடல் பக்கமாக நடந்தால் ஒரு மணல் மேட்டில் ஐயனார் கோயில் காடு இருந்தது. பெரிய காடு ஒன்றும் இல்லை. வெற்றிலை ஒன்று மென்று முடிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். நாலு பக்கமும் நெல் வயல்தான். பங்குனி சித்திரையில் வயலெல்லாம் வெடித்துக் கிடக்கும். காட்டிலும் பாதி மரம் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். வீரை மரம் மட்டும் கரும்பச்சையாக இருக்கும். வைகாசி ஆனியில் சிவப்பாகப் பழுக்கும். சின்னப் பழம்தான், ஒரே கொட்டை, மெல்லிய இனிப்பு.

அந்தக் காட்டிலிருந்து ஒரு குச்சியைக்கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டு. பழம் மட்டும் போகலாம். அந்தப் பழத்தைப் பொறுக்கிக் கூடையில் கொண்டுபோய்க் காரைக்கால் கடைத்தெருவில் விற்றுப் பிழைத்தவள் ஒருத்தி இருந்தாள். நடவு, அறுப்புக்குப் போகிற கூலிக்காரி. புருஷன் இல்லை. இரண்டு குழந்தைகள். ஆற்றில் தண்ணீர் வருகிறவரை வயலில் வேலை கிடையாது. அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது வீரைப்பழத்தால்தான். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும்.

அந்த வருஷம் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்ட உத்தரவு வந்தது. செங்கல்லை அங்கேயே அறுத்துச் சூளை போடுவதாக ஏற்பாடு. கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். சவுக்கு விறகு வாங்கிக் கட்டுப்படியாகாது, கோயில் காட்டு மரம்தான் சரி, மொத்தத்தையும் வெட்டிக்கொள்கிறேன் என்று மேரியில் மனுப் போட்டார். பள்ளிக்கூடத்துக்குத்தானே என்று மேரித் தலைவருக்கும் சம்மதம்.

எனக்குப் பொறுக்கவில்லை. இதை நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ளச் சொல்லவில்லை, நடந்தது அது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தேன். தலைவரிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். காய்க்கிற மரத்தை விட்டுவிடலாம், காய்க்காத வீரை மரங்களை மட்டும் கொடுக்கலாம், சூளைக்கு அது போதும், காடும் நிற்கும், ஊரும் சண்டைக்கு வராது என்றேன். தலைவர் என் முதுகில் தட்டினார். உன்னைப் போல நாலு பேர் இருந்தால் இந்த மேரி உருப்படும் என்றார். அந்தத் தட்டலில் மிதந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

எது காய்க்கும், எது காய்க்காது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆள் அனுப்பி வரச் சொன்னேன். அவள் காட்டிக் காட்டிப் போனாள், நான் காய்க்கிற மரங்களுக்கு வைக்கோல் பிரி சுற்றிக்கொண்டே போனேன். இருபது வீரை இருந்தன. பதினொன்றுக்குப் பிரி சுற்றினேன். ஒன்பது நின்றது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

"இந்த ஒம்பதையும் வெட்டப் போறீங்களா? வேணாங்கய்யா. காய்க்கலைன்னாலும் அது பூக்குதுங்க. அந்த மரத்துலதாங்க வண்டு மொதல்ல மொய்க்கும். அப்பறம்தான் மத்ததுக்குப் போவும்."

நான் சிரித்தேன். பனையை உதாரணம் காட்டினேன். நம் பக்கத்தில் காலம் காலமாக ஆண் பனையைத்தான் வெட்டுகிறோம், அதனால் எந்தப் பெண் பனையாவது நுங்கு தராமல் போயிற்றா என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். வீட்டு உத்தரத்துக்கு ஆண் பனையை வெட்டிப் பழகின கை அவர்களுடையது. எனக்கும் பழக்கம் அதுதான். ஆனால் அவள் நகரவில்லை. சாமியைக் கேட்காமல் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். பூசாரியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, ஒன்றுபோல இலையில் கட்டி, சாமி காலடியில் போடுவார்கள். உள்ளே இருப்பது தெரியாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அது சாமியைச் சந்தேகப்படுவது. அப்படியே குளத்தில் போட்டுவிடுவார்கள்.

எந்தக் கட்சியும் இல்லாத சர்க்கார் ஆள் என்பதால் பொட்டலம் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்தேன். வாழையிலைத் துண்டு இரண்டு, நந்தியாவட்டைப் பூ, அரளிப் பூ. சிவப்பு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கான்ட்ராக்டர் மறுபடி தலைவரிடம் போவார். மொத்தக் காடும் போகும். தலைவர் முன்னால் என் மானமும் போகும். இரண்டில் எது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று இன்றைக்கு நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன். அரளியை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, எனக்கு இருந்த சாமர்த்தியத்தில், ஆட்சேபம் சொன்னவளே எடுக்கட்டும் என்றேன். அப்போதுதான் பிறகு வாயைத் திறக்க மாட்டாள் என்பது என் கணக்கு. பொருத்தமான பேச்சு என்று ஊரே பாராட்டியது. அவள் குளத்தில் முழுகி, ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு வந்தாள். கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

அவள் மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். மற்ற பொட்டலத்தை நானே குளத்தில் போட்டேன்.

ஒன்பது மரத்தையும் அடிவேர்வரை தோண்டி எடுத்தார்கள். சூளை நன்றாக எரிந்தது. செங்கல் நல்ல சிவப்பு.

அந்த வைகாசியில் பழம் இல்லை. வெயில் அதிகம் என்றார்கள். அடுத்த வருஷம் நல்ல மழை. மரம் பூத்தது. பூ காய்ந்து கொட்டிற்று. ஒரு பிஞ்சுகூட இல்லை.

அதற்கும் அடுத்த வருஷம், மரம் மறுபடி பூத்திருந்த சமயத்தில், வெளியூர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறவர் ஒருவர் கோயில் காடுகளில் செடி சேகரிக்க வந்தார். வழி காட்ட என்னைத்தான் அனுப்பினார்கள். வீரைப் பூவைக் கிள்ளி, கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று பார்த்துக்கொண்டே போனார். பதினொன்றையும் முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எல்லாம் பொண் மரமா இருக்கே. ஆண் மரம் எங்கே?"

வெட்டிவிட்டோம் என்றேன். பனைக் கதையை அவரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பனை ஒவ்வொரு வரப்பிலும் இருக்கிறது, பத்து ஆணை வெட்டினாலும் பக்கத்து வரப்பு ஆண் பனை அந்த வேலையைச் செய்துவிடும் என்றார். இந்த வீரைக்குப் பக்கத்து வரப்பு எங்கே இருக்கிறது, வண்டு எங்கே போய் மகரந்தம் கொண்டுவரும் என்று வயலைக் காட்டிக் கேட்டார். வேறு காட்டிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டால் என்ன என்று கேட்டேன். நடலாம், ஆனால் ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும், இது மெள்ள வளர்கிற மரம், அதற்குள் உங்களுக்குத் தலை நரைத்துவிடும் என்றார். நிற்கிற மரங்கள் நம் காலம் முழுக்க நிற்கும், ஆனால் அதன் கீழே கன்று ஒன்று முளைக்காது, இந்தக் காட்டு வீரை இந்தத் தலைமுறையோடு சரி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் செடியைக் காகிதத்தில் வைத்து மடித்தார்.

காகிதமும் பட்டமும் இல்லாத ஒருத்தி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதையேதான் சொன்னாள். வண்டு எந்த மரத்துக்கு முதலில் போகிறது என்று அவள் பார்த்து வைத்திருந்தாள். நான் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவள் மேரிக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். அடையாளம் தெரியாத அளவுக்கு இளைத்திருந்தாள். இரண்டு கோடை பட்டினி கிடந்தவள் எப்படி இருப்பாள்? ஆனால் அவள் பசியைச் சொல்ல வரவில்லை. ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. பொட்டலத்தை எடுத்த கை சுத்தமில்லாத கை, அவள் தீட்டோடு எடுத்திருக்கிறாள், அதனால்தான் ஐயனார் காயை மறைத்துவிட்டார் என்று சொல்லி, அவளைக் காட்டுக்குள் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். நடவுக்கும் கூப்பிடுவதில்லை.

"ஐயா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. நான் கொளத்துல முழுவிட்டுத்தானே வந்தேன்? அத மட்டும் ஊர்ல வந்து சொல்லுங்கய்யா. நீங்க சொன்னா கேப்பாங்க."

சொன்னால் கேட்டிருப்பார்கள். ஆனால் அதைச் சொல்ல ஊர் நடுவில் போய் நின்றால் பேச்சு பொட்டலத்துக்கு வரும், பொட்டலத்தைக் கட்டியது யார் என்று வரும். எனக்கு அந்த மாதம் பதவி உயர்வு வரவிருந்தது. உள்ளே தலைவர் இருந்தார். பார்க்கலாம், போ என்றேன்.

"எனக்கே சந்தேகமா இருக்குங்கய்யா. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் காட்டைக் காப்பாற்றியவர் என்று எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தை நீட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பங்குனியில் போய்ப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு நின்றது. பூத்திருந்தது. கீழே சருகைக் காலால் தள்ளித் தள்ளித் தேடினேன். ஒரு கன்றும் இல்லை. ஆண் மரத்தை வெட்டச் சொன்னதைத் தெரியாமல் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மேரி வாசலில் நான் பேசாமல் இருந்தது அப்படி இல்லை. அவள் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு போவதை எல்லாம் தெரிந்துதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்று என் மனைவி கேட்டாள். மனச்சுமை குறையட்டும் என்றேன். அது பொய். அவள் எங்காவது உயிரோடு இருந்தாலும் அவளுக்கு எழுத்துத் தெரியாது, இதை அவள் ஒருநாளும் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.